அக்பரா? அலாவுதீனா?

"அத்தா, இங்கே இரண்டு நாடகங்கள் இருக்கின்றன. இரண்டுமே ஆடலும் பாடலுமாகப் பெரிய அளவில் நடப்பவை. ஆறு பேரை இரண்டுக்கும் அழைத்துப் போக என் வருவாய் இடம் தராது. நீங்களும் அம்மியும் கலந்து பேசி ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள். நல்ல இருக்கைகள் தீர்வதற்குள் நான் பதிவு செய்தாக வேண்டும்."

2023ஆம் ஆண்டு ரமளானில், தராவீஹ் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பிய ஓர் இரவில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பணிபுரியும் எங்கள் மகன் தொலைபேசியில் இவ்வாறு கூறினான். பெருநாள் கழிந்து, கோடையில் நானும் என் மனைவியும் மூன்று மாத காலம் அவன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பேரனுக்கு வயது பதினொன்று, பேத்திக்கு ஆறு. பாட்டனும் பாட்டியும் வரும்போது குடும்பத்தோடு ஒரு நாளேனும் வெளியே போய் வர வேண்டும் என்பது மருமகளின் விருப்பமாம்.

திருத்தணியிலேயே பிறந்து, இங்கேயே ஆசிரியப் பணியாற்றி, இங்கேயே ஓய்வு பெற்ற எனக்கு நாடகம் என்றால் நினைவுக்கு வருவது சுற்றுப்புறக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துதான். கூட்டத்தின் கடைசியில், யாருடைய தோளிலோ சாய்ந்து, கட்டியக்காரனின் கேலிப் பேச்சுக்கு மட்டும் விழித்துச் சிரித்து, துரியோதனன் களத்தில் விழுவதற்கு முன்பே உறங்கிப் போன சிறுவன் நான். அத்தகையவனிடம் அமெரிக்க அரங்கில் நடக்கும் இரு நாடகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் செய்வது?

"எவை அந்த இரண்டு?" என்றேன்.

"ஒன்று அலாவுதீன். நியூயார்க்கில் 2014 முதல் நடந்து வருகிறது. மற்றொன்று மொகலே ஆஸம். மும்பையில் தயாரித்தது, இந்தக் கோடையில் அமெரிக்க, கனடிய நகரங்களைச் சுற்றி வருகிறது. அலாவுதீனுக்கே போகலாம் அத்தா, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்."

சமையற்கட்டில் ஸஹருக்கு மாவு பிசைந்து கொண்டிருந்த என் மனைவி கையைத் துடைக்காமலேயே எழுந்து வந்தாள். "மொகலே ஆஸமா? மேடையிலா?" என்றாள். திருமணமாகி நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவள் குரலில் அத்தகைய வியப்பை நான் கேட்டது மிகக் குறைவு.

இவ்விடத்தில் எங்கள் வீட்டு மொழி நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தமிழ் பேசும் குடும்பத்தவன். அவள் வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பத்துப் பெண். மணமாகி வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் தமிழே பேசினாள். கடைத்தெருவுக்கு வேண்டிய தெலுங்கையும் கற்றுக்கொண்டாள். அவளுடைய உருது, தன் சகோதரிகள் வரும்போதும் வானொலியில் பழைய பாடல்கள் ஒலிக்கும்போதும் மட்டும் வெளியே எடுக்கப்படும் பட்டுத்துணி போல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழாசிரியர் வீட்டில் எதற்கு என்று அவள் எண்ணினாள் போலும். அது தவறு என்று நானும் சொன்னதில்லை.

இரண்டும் நமக்குப் புதியவை அல்ல

மறுநாள் அஸர் தொழுதபின் திண்ணையில் அமர்ந்து இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கத் தொடங்கினோம். முதலில் தோன்றியது இதுதான்: பெயர்தான் அமெரிக்கா, கதைகள் இரண்டும் எங்கள் எல்லைப்புற ஊருக்குப் பழகியவையே. 1955இல் தெலுங்கில் வெளிவந்த 'அனார்கலி' திரைப்படத்தில் அக்கினேனி நாகேசுவரராவ் சலீமாகவும், அஞ்சலிதேவி அனார்கலியாகவும், எஸ். வி. ரங்காராவ் அக்பராகவும் நடித்தனர். ஈராண்டு கழித்து, 1957இல் வந்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' படத்திலும் அதே நாகேசுவரராவ், அதே அஞ்சலிதேவி! எங்கள் பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இரண்டு கதைகளையும் குழப்பி, அனார்கலியை விளக்கிலிருந்து வந்த பூதம் காப்பாற்றியதாகச் சிறுவர்களாகிய எங்களுக்குச் சொன்னதுண்டு. அந்த முடிவு இன்றும் எனக்குப் பிடித்தமானதே.

1960ஆம் ஆண்டும் எனக்கு மறவாது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் எங்கள் திருத்தணி வட்டம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ம.பொ.சி. அவர்களின் பெயர் வீட்டுக்கு வீடு ஒலித்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு மாணவன். அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள்தான் கே. ஆசிப் இயக்கிய 'மொகலே ஆஸம்' திரைப்படம் வெளியாயிற்று. இந்தி, தமிழ், ஆங்கிலம் என மும்மொழிகளில் வெளியிடக் கருதி, காட்சிகளை மும்முறை படமாக்கினார்கள் என்பர். தமிழில் 'அக்பர்' என்னும் பெயரில் 1961இல் வந்தது. தமிழகத்தில் அது வெற்றி பெறவில்லை. அதன்பின் ஆங்கிலப் படத்தைக் கைவிட்டுவிட்டனர். அந்தத் தமிழ் 'அக்பரை'ச் சில ஆண்டுகள் கழித்து அரக்கோணத்தில் ஒரு கூடாரக் கொட்டகையில் என் அத்தா எனக்குக் காட்டினார். யானைகளும் கண்ணாடி மாளிகையும் மட்டுமே நினைவில் உள்ளன. என் மனைவியோ அசல் உருதுப் படத்தையே, தன் தாயாரோடும் சிற்றன்னையரோடும் பெண்கள் பகுதியில் அமர்ந்து பார்த்தவள். வசனம் எழுதிய நான்கு உருது எழுத்தாளர்களில் எவர் எழுதியது எது என்று அவள் வீட்டில் விவாதமே நடக்குமாம்.

அலாவுதீனின் பிறப்பிடம்

பிள்ளைகளுக்கு அலாவுதீன்தான் என்று மகன் கூறியபடியால், அதனை ஆராயாமல் ஒதுக்க மனம் வரவில்லை. இது பற்றி நான் படித்தறிந்தவற்றை வாசகர்களும் அறிவது நன்று.

'ஆயிரத்தோர் இரவுகள்' என்றதும் அலாவுதீனே முதலில் நினைவுக்கு வருகிறான். ஆனால் அந்நூலின் பழைய அரபுச் சுவடிகளில் அவன் கதை இல்லை! அதனைப் பிரெஞ்சில் பெயர்த்த அந்துவான் கலான் என்பார்க்கு, சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்னும் மரோனியக் கிறித்தவ இளைஞர் 1709இல் வாய்மொழியாகக் கூறிய கதை அது. கலான் தம் நூலில் அதனைச் சேர்த்துக் கொண்டார். சொன்னவர் பெயரை அதில் குறிக்கவில்லை. தியாப் முதுமையில் எழுதி வைத்த பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் அச்சேறின.

கதை நடக்கும் இடமும் அரபு நாடன்று, சீனம்! முஸ்தபா என்னும் ஏழைத் தையற்காரரின் மகன் அலாவுதீன். தந்தை இறந்தபின் தாய் பருத்தி நூற்று அவனை வளர்க்கிறாள். சுல்தானின் அரண்மனைக்கு நாள்தோறும் நடந்து, வாயிலில் காத்து நின்று, மணிகள் நிறைந்த தட்டை நீட்டி, "என் மகனுக்கு உங்கள் மகளைத் தாருங்கள்" என்று கேட்கும் துணிவு அந்தத் தாய்க்கே இருக்கிறது. நான் வகுப்பில் இக்கதையைச் சொன்ன போதெல்லாம் மாணவர்கள் வாய் பிளந்து கேட்டது அந்த இடத்தைத்தான். பூதம் வரும் இடத்தை அன்று.

1992இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த சித்திரப்படமும், அதிலிருந்து பிறந்து 2014 மார்ச்சு 20ஆம் நாள் நியூயார்க்கின் நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் தொடங்கிய இந்நாடகமும் சீனத்தை நீக்கிவிட்டு 'அக்ரபா' என்றொரு கற்பனை அரபு நகரைப் படைத்துக்கொண்டன. தாயையும் நீக்கிவிட்டன. மேடையில் அவன் மறைந்த தாயை எண்ணிப் பாடும் பாட்டு மட்டும் உண்டு. திரைப்படத்தின் தொடக்கப் பாடலில், அரபு மண்ணில் முகம் பிடிக்காவிட்டால் காதையே அறுத்துவிடுவார்கள் என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரபு மக்களின் அமைப்பு கண்டனம் தெரிவித்த பின்னர், 1993இல் வீட்டு ஒளிநாடாவாக வெளியிட்டபோது அவ்வரியை மாற்றினார்கள்.

இதெல்லாம் குழந்தைகள் கதைதானே, இவ்வளவு துருவலாமா என்று கேட்கக்கூடும். 2015 டிசம்பரில் அந்நாட்டில் ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனம், 'அக்ரபாவின் மீது குண்டு வீசலாமா?' என்று குறும்பாக ஒரு கேள்வியை இடையே செருகியது. குடியரசுக் கட்சி வாக்காளர்களில் 30 விழுக்காட்டினர் வீசலாம் என்றனர். ஜனநாயகக் கட்சியினரிலும் 19 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினர். இல்லாத ஊர், கதைக்காகக் கட்டிய ஊர். அதன் பெயரின் ஓசை ஒன்றே போதுமானதாயிருந்தது. என் பேரப்பிள்ளைகள் பள்ளி செல்வது அந்நாட்டில் என்பதால், இச்செய்தியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள இயலவில்லை.

ஆயினும் நியாயமாகவும் பேச வேண்டும். அதன் இசை ஆலன் மென்கென் அமைத்தது; கேட்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள். கம்பளம் பறக்கும் காட்சியில் அது எதில் தொங்குகிறது என்பது எவர் கண்ணுக்கும் புலப்படாதாம்; அந்த உத்தியை நாடகத்தார் வெளியில் சொல்வதுமில்லை. பூதமாக முதலில் நடித்த ஜேம்ஸ் மன்ரோ ஐகிள்ஹார்ட் அதற்காகவே அந்நாட்டின் உயரிய நாடக விருதான டோனியைப் பெற்றார். 2018இல் இந்தியக் கலைஞர்களே இந்நாடகத்தை மும்பையிலும் தில்லியிலும் ஆங்கிலத்தில் நடத்தியுள்ளனர். ஆறு வயதுக் குழந்தையைச் சிரிக்க வைப்பது எளிய செயலன்று. அதைச் செய்யும் நாடகத்தைத் தாழ்த்திப் பேச நான் ஆயத்தமாயில்லை.

அக்பரின் அரசவை

'மொகலே ஆஸம்' நாடகத்தின் வரலாறு வேறு. பழைய படத்துக்குப் பணம் போட்டவர் கட்டடத் தொழிலதிபர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி மிஸ்திரி. ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 அக்டோபரில், அதே நிறுவனம் மும்பையின் தேசிய நிகழ்கலை மையத்தோடு சேர்ந்து இதனை மேடையேற்றியது. இயக்கியவர் பெரோஸ் அப்பாஸ் கான். படத்தில் நௌஷாத் இசையில் ஒலித்த பாடல்களை மேடையில் நடிகர்கள் தம் சொந்தக் குரலிலேயே பாடுகின்றனர். பின்னணிப் பாடகருக்கு வாயசைத்தே பழகிய நம் நாட்டில் இது சிறிய செயலன்று. அனார்கலியாக வரும் பெண் கதக் ஆட்டமும் ஆட வேண்டும். மூச்சு வாங்காமல் பாடவும் வேண்டும்.

அனார்கலி வரலாற்றில் இருந்தவரா என்பதும் ஐயத்துக்குரியதே. அக்பர்நாமாவில் அவர் இல்லை. ஜஹாங்கீர் தம் கைப்பட எழுதிய வரலாற்றிலும் இல்லை. லாகூரில் அவர் பெயரால் ஒரு கல்லறையும் ஒரு கடைத்தெருவும் உள்ளன. உருது நாடகாசிரியர் இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய 'அனார்கலி' நாடகமே இக்கதைக்கு இன்றைய உருவத்தைத் தந்தது. ஆனால் தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த பிணக்கு பொய்யன்று. சலீம் அலகாபாத்தில் இருந்துகொண்டு தந்தைக்கு எதிராகக் கொடி உயர்த்தியது வரலாறு.

நிற்க. இச்செய்தி வாணியம்பாடிக்கு எட்டியதும் என் மூத்த மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். வயதில் பெரியவர்; பேணுதலான மனிதர். "இத்தனை வயதில் ஆட்டமும் பாட்டும் எதற்கு? அந்தப் பணத்தை நல்வழியில் செலவிடலாமே. நாடகம் நம்மவர்க்குப் பழக்கமில்லாத ஒன்று" என்றார். முதல் பகுதிக்கு நான் மறுமொழி கூறவில்லை. மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. அவரவர் தத்தம் ஆலிம்களைக் கேட்டு, தம் மனச்சான்றையும் கேட்டு முடிவு செய்ய வேண்டியது அது. பணம் மகனுடையது, அவன் எண்ணி எடுத்து வைத்தது. ஆனால் கடைசி வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனெனில் இந்நாட்டு மேடையில் பாட்டு நாடகத்துக்குப் பெருவழி அமைத்தவற்றுள் ஒன்று, லக்னோவில் ஆகா ஹசன் அமானத் 1853இல் எழுதிய உருது நாடகமான 'இந்தர் சபா'. பார்சி நாடகக் குழுவினர் அதையும் அதைப் போன்ற பலவற்றையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர், சென்னைக்கும் வந்தனர். ஓவியத் திரைகளும் ஆர்மோனியமும் அவர்கள் வழியே நம் மேடையில் நிலைபெற்றன. பழைய தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்பில் 'பார்சி மெட்டு', 'இந்துஸ்தானி மெட்டு' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். தமிழ் மேடையின் பெருங்கலைஞர் ராஜமாணிக்கம் அவர்களுக்கு 'நவாப்' என்னும் பட்டம் எப்படி வந்தது? 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் கோல்கொண்டாவின் நவாபாக நடித்த சிறப்பினால் வந்தது. பெயரோடு ஒட்டிக்கொண்டு, இறுதிவரை பிரியவில்லை. இவற்றையெல்லாம் சொன்னேன். மைத்துனர் சற்று நேரம் பேசாதிருந்து, "தங்கச்சிக்கு ஆசையிருந்தால் போய் வாருங்கள்; தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

எந்த மொழியில்?

இவ்வளவும் ஆய்ந்த பிறகும் முடிவைத் தந்தது வரலாறு அன்று. ஒரு சின்னஞ்சிறு செய்தி. 'மொகலே ஆஸம்' நடக்கும்போது உரையாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பு மின்திரையில் ஓடிக்கொண்டே இருக்குமாம். அதைக் கேட்டதும் என் மனைவி விரல் விட்டு எண்ணினாள்.

"அலாவுதீனுக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம். பிள்ளைகளுக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் புரியும். உங்களுக்குப் பாதி புரியும். எனக்கு வண்ணம் மட்டும் தெரியும். இதற்குப் போனால் எனக்குக் காதால் புரியும். அவர்களுக்குக் கண்ணால் புரியும். உங்களுக்கு..." என்று நிறுத்தினாள்.

"எனக்கு இரண்டிலும் பாதிதான்" என்றேன்.

"சின்னவளுக்கு இன்னும் வேகமாகப் படிக்க வராது. அவளை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்றாள்.

கணக்கு முடிந்தது. வெளியூர்ப் பிள்ளைகளைக் காணப் போகும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். நீர்வீழ்ச்சி, சுதந்திரச் சிலை, பெரிய கடைகள் என எல்லாம் காட்டுவார்கள். எல்லாவற்றையும் கண்டுவிட்டு ஊர் திரும்பியதும், "நன்றாகத்தான் இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை" என்பார்கள். என் மனைவி ஒரு பிற்பகலேனும் அந்நாட்டில் பேரப்பிள்ளைகளைவிட அதிகம் அறிந்தவளாக அமர்ந்திருக்கட்டும் என எண்ணினேன்.

மகனிடம் முடிவைக் கூறியபோது மறுமுனையில் சற்று மௌனம். "அது நீளம் அத்தா, சோகமும் கூட" என்றான். பிறகு, "சரி, அம்மி விருப்பம்" என்றான். அவன் ஏன் அலாவுதீனையே வற்புறுத்தினான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அரங்கில்

பிற்பகல் காட்சிக்கே சீட்டு எடுக்கச் சொன்னோம். அங்குக் கோடையில் சூரியன் இரவு எட்டு மணிக்கு மேல்தான் மறைகிறது. மாலைக் காட்சிக்குப் போனால் மஃரிப் நேரம் நாடகத்தின் நடுவே வந்துவிடும். பிற்பகலென்றால் ளுஹரை முடித்துவிட்டுப் புறப்படலாம். திரும்பி வந்து அஸர் தொழ நேரம் தாராளம். முதியவர்களோடு செல்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். மேல்மாடத்து இருக்கைகள் மலிவு. ஆனால் படிகள் செங்குத்து. திருத்தணியில் 365 படிகள் கொண்ட மலையின் அடியில் வாழ்ந்தும் எனக்கு அந்தப் படிகள் மூச்சுத் திணறலைத் தந்தன. குளிரூட்டியும் கடுமை, மனைவி பர்தாவுக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டாள்.

அரங்கில் பெரும்பாலோர் நம் துணைக்கண்டத்து மக்கள். லாகூர்க் குடும்பம் ஒன்று எங்கள் முன்வரிசையில் இருந்தது. என் மனைவி அவர்களோடு உருதுவில் பேசத் தொடங்கியதும், பேரன் திகைத்து என்னைப் பார்த்தான். "தாத்தா, தாதிமாவுக்கு வேறு மொழியும் தெரியுமா?" என்றான். பதினோரு வயதுவரை அவனுக்கு இது தெரியாது!

விளக்கணைந்தது. நாடகத்தைக் காட்சி காட்சியாக விவரிக்கப் போவதில்லை. கண்ணாடி மாளிகைக் காட்சியில் ஒளியினாலேயே ஆயிரம் அனார்கலிகளைக் காட்டியது அழகு. ஆடற்பெண்கள் சுழன்று ஒரே நேரத்தில் நின்றபோது அரங்கமே மூச்சை அடக்கிற்று. ஒலிபெருக்கியின் ஓசை என் வயதுக்கு மிகுதி. போர்க்காட்சி எனக்குப் பொம்மை விளையாட்டாகவே தோன்றியது. கூத்தில் இரண்டே பேர் கம்பும் வாளுமாகச் சுற்றி வந்து பதினெட்டு நாள் போரையும் கண்முன் நிறுத்திவிடுவார்கள். இத்தனை கருவிகள் வைத்துக்கொண்டு இவர்களால் அது இயலவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. உருது எனக்குத் தெரியாது என்றே வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தேன். ஆனால் மேடையில் தர்பார் என்றார்கள், புரிந்தது. இன்சாப் என்றார்கள், அமானத் என்றார்கள், புரிந்தது. திருத்தணி வட்டாட்சியர் அலுவலகத்தில் தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி என்றும், நீதிமன்றத்தில் வக்கீல், ஜாமீன், வாய்தா என்றும் நாம் நாள்தோறும் பேசுபவை இம்மொழிகளின் உறவினர்கள் அல்லவா! பாதிதான் புரியும் என்று கணக்கிட்டிருந்தேன். பாதிக்கு மேலேயே புரிந்தது. மீதியை மனைவி என் காதில் தமிழில் சொன்னாள். மறுபக்கம் பேரன் மின்திரையைப் படித்துவிட்டு, "தாதிமா, கனீஸ் என்றால் என்ன? அதில் வேலைக்காரி என்று போட்டிருக்கிறது" என்று கேட்டான். "வேலைக்காரி இல்லை கண்ணே. வேலைக்காரி மாலையில் வீட்டுக்குப் போய்விடுவாள், கனீஸ் போக முடியாது" என்றாள். மின்திரை எழுதியவரை விட அவள் நன்றாகவே மொழிபெயர்த்தாள்.

இடைவேளைக்குச் சற்று முன், தந்தையும் மகனும் நேருக்கு நேர் நின்று பேசும் காட்சி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மகன் தன் விருப்பப்படி மணம் முடித்தவன். மருமகள் நம் மார்க்கத்தவள்தான். நல்ல குடும்பத்துப் பெண்தான். ஆயினும் கேரளத்துப் பெண் என்றும், என்னைக் கேளாமல் முடிவெடுத்தான் என்றும் இரண்டு ஆண்டுகள் நான் அவனோடு பேசவில்லை. திருமணத்துக்கும் போகவில்லை. பேரன் பிறந்த செய்தி வந்த பிறகே பேசினேன். அன்று முதல் இன்றுவரை அவனும் நானும் அதுபற்றி ஒரு சொல் பேசியதில்லை. அலாவுதீனுக்கே போகலாம் என்று அவன் சொன்னது பிள்ளைகளுக்காக மட்டுமன்று.

மேடையில் அக்பர் நீதி, அரசு, முன்னோர் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போனார். நானும் அவற்றைத்தான் சொன்னேன். என்னிடம் அரசு மட்டும் இல்லை. திரும்பி மகனைப் பார்க்கத் துணிவில்லை. அவனும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்ததும், "தேநீர் வாங்கி வருகிறேன் அத்தா" என்று எழுந்தான். நானும் கூடப் போனேன். வரிசை நீளம். கால் மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "உன் திருமணத்துக்கு நான் வந்திருக்க வேண்டும்" என்றேன். அவன் கையிலிருந்த சில்லறையை எண்ணிக்கொண்டே, "சர்க்கரை வேண்டாமென்று சொல்லட்டுமா?" என்றான். பிறகு என் தோளில் கை வைத்து, வரிசை நகர்ந்தபோது என்னை முன்னே விட்டான்.

மருமகளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் அனார்கலியின் பாடல்களில் மூழ்கியிருந்தாள். திரும்பும் வழியெல்லாம் ஒன்றை முணுமுணுத்தாள். சொற்கள் தவறும்போது மாமியார் திருத்தினார்.

பேத்தி இரண்டாம் பகுதி முழுவதும் மடியில் உறங்கினாள். விழித்ததும், "கம்பளம் எப்போது பறக்கும்?" என்று கேட்டாள். அண்ணன் சிரித்துவிட்டான், அவள் அழுதுவிட்டாள். குழந்தையின் பங்கை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பது உண்மை. அதனை மறைத்து, எல்லோருக்கும் எல்லாம் கிடைத்ததாக எழுத விருப்பமில்லை. அன்றிரவே அவளுக்கு அலாவுதீன் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அமெரிக்காவில் இருந்த நாள்வரை இரவுதோறும் தொடர்ந்தது. சீனத்துத் தையற்காரர் மகன், மேற்கிலிருந்து வந்த மாயக்காரன், மோதிரத்துப் பூதம், விளக்குப் பூதம், தட்டு நிறைய மணிகளோடு அரண்மனை வாயிலில் நிற்கும் தாய் என்று தியாப் சொன்ன வழியிலேயே சொன்னேன். தாய் சுல்தானிடம் பேசும் இடத்தை மட்டும் என் மனைவி உருதுவில் சொல்வாள். அரண்மனையில் தமிழ் பேசினால் சுல்தானுக்கு எப்படிப் புரியும் என்பது அவள் வாதம். பேத்தி அந்த வரிகளை மனப்பாடம் செய்துகொண்டாள்.

நாங்கள் திருத்தணி திரும்பி ஓராண்டுக்கு மேலாயிற்று. மகன் சொன்ன சொல் தவறாமல், மறு ஆண்டு அவளை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்று அலாவுதீன் நாடகத்தைக் காட்டிவிட்டான். அன்று எங்களுக்கு விடியற்காலை, அவர்களுக்கு முன்னிரவு. தொலைபேசியில் முகம் தெரிந்ததும், கம்பளம் பறந்ததா என்று கேட்டேன். பறந்தது, மிக உயரத்தில் பறந்தது, கயிறே தெரியவில்லை என்றாள். பூதம் நன்றாக ஆடினானாம். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு, தாதிமாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"தாதிமா, அவர்கள் அலாவுதீனின் அம்மாவை முதலிலேயே இறந்து போக விட்டுவிட்டார்கள். பெண் கேட்க யாருமே போகவில்லை" என்றாள்.

என் மனைவி போனைக் கையில் வாங்கிக்கொண்டு, "அப்படியா? நீ போய்க் கேட்டிருக்கலாமே. எப்படிக் கேட்க வேண்டும், சொல் பார்க்கலாம்" என்றாள். குழந்தை எழுந்து நின்று, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, உருதுவில் சொல்லத் தொடங்கினாள்.